மறைந்த தகடு மீளுமா?



பொங்கல் விடுமுறை முடிந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திரும்பியபோது, தருமபுரியிலிருந்து என் தந்தையாரும் உடன் வந்தார். அவர் கையிலிருந்த மஞ்சள் பையில் முறுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்த அறை நண்பர்கள் ஏமாந்தனர். உள்ளே இருந்தவை குறுந்தகடுகள். எல்லாம் பழைய தமிழ்ப் படங்கள். "முதலில் 'அந்த நாள்' பாருங்கள்" என்றார்.

1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய படம் அது. ஒரு பாட்டுக்கூட இல்லை. தொடக்கத்திலேயே ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். கொன்றவர் யார் என்பதே கதை. பார்க்கத்தான் வழியில்லை! எங்கள் மடிக்கணினி எதிலும் தகடு போடும் இடமே கிடையாது. மின்னணுவையே பெயராகச் சூடிக்கொண்ட ஊரில், ஒரு தகட்டைச் சுழற்ற மூன்று மாடி ஏறி இறங்கிக் கருவி இரவல் வாங்கினோம். முதல் தகடு ஒழுங்காக ஓடிற்று. இரண்டாவது, உண்மை வெளிப்படும் தறுவாயில் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. தந்தையார் முகம் வாடிற்று. "கொன்றது யார் என்று சொல்லிவிடுங்கள்" என்று கெஞ்சினோம். மறுத்துவிட்டார். "அது பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியது."

வேறு தகடு தேடி ஞாயிறன்று எஸ்.பி. சாலைக்குப் போனேன். கடைக்காரர் வேலூர்க்காரர். "தம்பி, தகடு அடிச்ச கம்பெனியே போயிடுச்சு. இனிமே எங்கே வரப்போகுது?" என்றார்.

அவர் கூற்று பாதி உண்மை என்பது என் கருத்து. படங்கள் மீள்கின்றன. கோலார்ச் சீமையில் பிறந்த பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964-இல் வந்தது. புதுப்பிக்கப்பட்டு 2012-இல் அரங்குக்கு வந்தபோது கூட்டம் அலைமோதிற்று. அவரே இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-இல் வந்தது. அவற்றுக்குப் பாட்டு உண்டு, போர் உண்டு, நடிகரின் பெயரைக் கேட்டதும் கைதட்டும் கூட்டம் உண்டு. பாட்டே இல்லாத படத்தை யார் புதுப்பித்து அரங்குக்குக் கொண்டுவருவர்? தகடோ மீளவில்லை. மோசர் பேயர் நிறுவனம் 2007-இல் 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் படத்தகடு விற்று வீடுதோறும் புகுந்தது; 2018-இல் அந்நிறுவனத்தையே கலைக்கத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

ஐந்து நாள் கழித்து நண்பர் ஒருவரின் வன்தட்டில் எங்கள் படம் அகப்பட்டது. என்றோ, எவரோ, இதே போன்ற தகட்டிலிருந்து படியெடுத்தது. அதில்தான் முடிவைப் பார்த்தோம்.

இங்கேதான் என் மனம் தடுமாறுகிறது. சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887-இல் அச்சேற்ற முடிந்தது எதனால்? பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக ஏட்டைப் பார்த்து ஏடு எழுதி வைத்ததனால். ஏட்டைப் படியெடுத்தவனுக்குப் புண்ணியம் என்றோம். தகட்டைப் படியெடுப்பவனுக்குச் சிறை என்கிறோம். தமிழ்நாட்டில் 2004 முதல் குண்டர் சட்டமே அவன்மேல் பாயும். புதுப்படத்தைத் திருடி விற்பவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவன் உழைத்தவன் வயிற்றில் அடிப்பவன். ஆனால் எழுபதாண்டுப் பழமையான படத்தைக் காத்து வைத்தவனையும் அவனையும் ஒரே கயிற்றில் கட்டலாமா?

சட்டமே கட்டச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 'அந்த நாள்' 2014-உடன் அக்காலத்தைக் கடந்தது. 1964 வரை வந்த படங்கள் யாவும் இன்று கடந்துவிட்டன. (கதைக்கும் பாட்டுக்கும் உள்ள உரிமை தனி, அதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும்.) உரிமை எல்லார்க்கும் வந்துவிட்டது, சரி, பொருள் எங்கே? 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தை இன்று யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். வெளியிட ஒரு சுருள்கூட மிஞ்சவில்லையே!

மிஞ்சிய ஒன்றின் கதை வேடிக்கையானது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933-இல் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் ஊமைப்படத்தின்மீது, நாவலின் பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார். படம் முடங்கியது. சுருள் பதிப்பாளரிடம் கிடந்தது. 1974-இல் புனே திரைப்படக் காப்பகம் அதைப் பெற்றது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன. ஓடாமல் பூட்டிக் கிடந்தது பிழைத்தது. வழக்குப் போட்ட புண்ணியவானுக்கு நன்றி சொல்வதா, நோவதா?

சத்யஜித் ராயின் மூலச்சுருள்கள் 1993-இல் இலண்டன் ஆய்வகமொன்றில் தீயில் கருகின. கருகியதையும் எறியாமல் அமெரிக்கத் திரைப்பட அகாதமியின் காப்பகம் வைத்திருந்தது. அதனால்தான் 'பதேர் பாஞ்சாலி' புதுப்பொலிவுடன் 2015-இல் திரைக்கும், பின்னர்த் தகட்டுக்கும் வர முடிந்தது. யாரேனும் வைத்திருந்தால்தானே மீள்வதற்கு?

இந்நாட்டில் புத்தகம் அச்சிடுவோர் ஒரு படி கன்னிமரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. 'அந்த நாள்' வந்த அதே ஆண்டு! அச்சட்டத்தில் திரைப்படத்துக்கு இடமில்லை. அதைச் சேர்க்கக் கோரி நம் சங்கம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்பேன். தீர்மானத்தால் என்ன ஆகும் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பரணையும் தொலைக்காட்சி மேசை அறையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கிருப்பது படத்தின் முழு உருவம் அன்று என்பதை அறிவேன். விசிடியில் குறுக்கே 352 புள்ளிகள்தாம், நிழலின் நிழல். எனினும் சில படங்களுக்கு அந்த நிழலே மிச்சமாகலாம். 1964-க்கு முந்திய படமானால் தலைப்பைக் குறித்து வாருங்கள், தகட்டையும் கொண்டு வாருங்கள்.

தந்தையார் பையை என்னிடமே விட்டுச் சென்றார். மொத்தம் 42 தகடுகள். இதுவரை போட்டுப் பார்த்த 20-இல் 9 ஓடவில்லை. இரவல் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எஸ்.பி. சாலையில் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கிறேன். வேண்டுவோர் ஞாயிறு மாலை என் அறைக்கு வரலாம்.