பந்து அவர்களுக்கு, பை மட்டும் நமக்கா?

நந்தனத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே, அண்ணா சாலையை ஒட்டி, பச்சைப் பட்டு விரித்தாற்போல ஒரு பரப்பு இருக்கிறது. பேருந்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் பாட்டாளி அதன் மதிலைப் பார்த்திருப்பான். மதிலுக்கு அப்பால் பார்த்திருக்க மாட்டான். அதுதான் காஸ்மாபாலிடன் கிளப்பார் ஆடும் கோல்ப் திடல்.

அதே நந்தனத்தில்தான் 1920-ல் பிறந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அரசினர் கலைக் கல்லூரியும் இருக்கிறது. சற்றுத் தள்ளி, அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம். கல்விக்கூடத்துக்கும் கோல்ப் திடலுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். ஆனால் கூலிக்காரன் மகன் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை தலைமுறை ஆகும்?

"கோல்ப் சீமான்கள் ஆட்டம், நமக்கேன் அந்த வம்பு?" என்று நம் தோழர்களே கேட்பார்கள். தோழர்களே! பட்டம் நமக்கேன், பதவி நமக்கேன் என்று நம்மையே பேச வைத்த காலம் ஒன்று இருந்தது. 1921-ல் நீதிக் கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. 'நமக்கேன்' என்றவன் 'எனக்கெங்கே' என்று கேட்கத் தொடங்கினான். ஆட்டத்துக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாதா?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரி மாணவர்களின் கோல்ப் போட்டி 1897-லேயே தொடங்கிவிட்டது. அது ஆண்களுக்கு! பெண்களுக்கு? கல்விக்கூடம் அரசுப் பணம் வாங்கினால் ஆண், பெண் என்று பேதம் பாராட்டக் கூடாது என 1972-ல் சட்டம் வந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கென கோல்ப் பட்டப் போட்டி நடத்தியது 1982-ல்தான். இன்று ஆடத் தெரிந்த பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே ஏராளம். அதே நாட்டில் தொழில்முறை கோல்ப் சங்கம், வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று விதி எழுதி வைத்திருந்தது. 1961-ல்தான் அது ஒழிந்தது. கதவு தானாகத் திறக்கவில்லை. தட்டினார்கள், சட்டம் வந்தது, திறந்தது!

நம் நாட்டில் என்ன நிலை? கனவான் முன்னே நடப்பார். மட்டைகள் நிறைந்த பையைத் தோளில் சுமந்து ஏழை பின்னே நடப்பான். அவனுக்கு வைத்த பெயர் 'கேடி'. சென்னைத் தெருவில் கேடி என்றால் போலீஸ் பட்டியலில் இருப்பவன்! காற்று எப்பக்கம் வீசுகிறது, புல்தரை எப்பக்கம் சாய்கிறது, எந்தக் குழிக்கு எந்த மட்டை என்று கனவானுக்குச் சொல்பவன் அந்தக் கேடிதான். அறிவு அவனுடையது, ஆட்டம் அவருடையது.

வாய்ப்புக் கிடைத்தால்? டெல்லி கிளப்பில் பை சுமந்த அலி ஷேர் 1991-ல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். பெங்களூரின் அதிதி அசோக் என்ற இளம்பெண், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் உலகமே வியக்க நான்காம் இடம் பெற்றார். திறமைக்குப் பஞ்சமில்லை, திடலுக்குத்தான் பஞ்சம்!

திடல் யாருடையது? கிண்டியைக் கேளுங்கள். குதிரைப் பந்தயம் ஓடிய, நடுவே ஜிம்கானா கிளப்பார் கோல்ப் ஆடிய நிலம் 160 ஏக்கர். 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை. பழைய பத்திரப்படி ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை! சைதாப்பேட்டையில் ஓர் அறைக் குடித்தனக்காரன் ஒரு மாதத்துக்குக் கொடுப்பது இதைவிட எத்தனை மடங்கு? 2024 செப்டம்பரில் கழக அரசு அந்தக் குத்தகையை ரத்துச் செய்தது. கிளப்புகள் நீதிமன்றப் படியேறின. அங்கே வெள்ளநீர் தேங்கக் குளம், மக்கள் உலாவப் பூங்கா என்பது அரசின் திட்டம். 2015-ல் வெள்ளத்தில் தவித்த வேளச்சேரியும் சைதையும் அதன் அருமையை அறியும். அதை அழித்துக் கோல்ப் ஆட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. புதுத் திடலும் கேட்கவில்லை.

கேட்பது மூன்றே மூன்று. அரசு நிலத்தில் எந்த கிளப் கோல்ப் ஆடினாலும், வாரத்தில் இத்தனை மணி நேரம் அரசுக் கல்லூரி மாணவருக்கு என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகமும், 2005-ல் தோன்றிய தமிழ்நாடு உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழகமும் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் சம எண்ணிக்கை, சமப் பணம், சமப் பயிற்சி தர வேண்டும். அந்த அணிகளில் முதல் இடம் பை சுமந்தவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு.

பெண்ணுக்கு எதற்கு மட்டை என்று கேட்பவர் உண்டானால், 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோதும் சிரித்தவர்கள் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். 1989-ல் கலைஞர் ஆட்சியில் அது சட்டமாயிற்று. சிரித்தவர்கள் எங்கே?

சுமந்த தோளுக்கு வீசவும் தெரியும். மட்டையைக் கொடுங்கள், பந்து எங்கே போய் விழுகிறதென்று பிறகு பார்ப்போம்!