சுங்கம் தவிர்த்த வேந்தன்

2022 செப்டம்பர் 6ஆம் நாள் பால்மோரல் மாளிகையில், கையில் ஊன்றுகோலுடன் நின்று, புதிய பிரதமரை வரவேற்றார் இரண்டாம் எலிசபெத் அரசியார். அகவை 96. இரண்டு நாளில் மறைந்தார். எழுபதாண்டு அரியணையிலிருந்தவர் இறுதிவரை கடமையில் வழுவவில்லை என்று உலகம் போற்றியது. தகும். அப்புகழுரைகளைச் செவிமடுத்த வடசென்னை விம்கோ நகர் மக்கள், கூப்பிடு தொலைவிலுள்ள திருவொற்றியூர்க் கோயிற் சுவர்களில் எழுத்தாய் நிற்கும் ஒரு வேந்தனை எண்ணிப் பார்த்தனரோ, அறியோம்.

முதற் குலோத்துங்கன் 1070இல் முடி சூடினான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆண்டான். தந்தை வழியில் அவன் வேங்கிச் சளுக்கியன்; தாய் அம்மங்கைதேவி முதல் இராசேந்திரனின் மகள். சோழ மன்னன் அதிராசேந்திரன் மாண்டு நாடு கலங்கிய வேளையில் வந்து அரசேற்றவன். அத்தகையவன் தன் உரிமையை நிலைநாட்ட வாழ்நாள் முழுதும் வாளேந்தித் திரிந்திருந்தாலும் வரலாறு வியந்திராது. அவன் அளவுகோலை எடுத்தான்.

1086இல் சோழநாடு அளக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் மன்னனும் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்தான் என்பது ஒரு வியத்தகு பொருத்தம். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். சோழர் அளவை முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு வரையிலும், அதனினும் கீழும் இறங்கும். குளம், வாய்க்கால், சுடுகாடு, ஊர்நத்தம் ஆகியவற்றைக் கழித்து, விளையும் நிலத்தை மட்டுமே வரிக்கு உரியதாக்குவது சோழர் கணக்கு முறை. இம்மன்னனின் அடியளவே நிலம் அளக்கும் கோலுக்கு அடிப்படையாயிற்று என்பர் அறிஞர். வெற்றித் தூண் நாட்டுவதற்கு ஒரு நாள் போதும். வயல் வயலாக இறங்கி அளக்கும் பணிக்குப் பொறுமை வேண்டும். பரணி பாடுவோர் இதனைப் பாடுவதில்லை.

அவனுக்கு நிலைத்த பெயர் சுங்கம் தவிர்த்த சோழன் என்பதே. தஞ்சையை அடுத்த கருந்திட்டைக்குடி சுங்கந்தவிர்த்த சோழநல்லூர் என்றே வழங்கியது. கடல் வாணிகத்தின் வருவாயை அறியாதவன் செய்த ஈகை என்று இதனைக் கொள்ளுதற்கில்லை. 1077இல் சீனப் பேரரசர் அவைக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு சென்றது இவன் ஆட்சியில்தான். கருவூலத்திற்கு என்ன குறையும் என்று நன்கறிந்தே விட்டுக்கொடுத்தான். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாயிலை நோக்கி மணிக்கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் தெற்கே நான்காம் நிலையம் சுங்கச்சாவடி. ஊரார் வாயில் இன்றும் அது டோல்கேட்.

இழந்தவற்றையும் சொல்லுதல் வேண்டும். ஈழம் சிங்கள மன்னன் விசயபாகுவின் கைக்குச் சென்றது. அதனை மீட்கப் படைமேல் படை அனுப்பி நாட்டை வறுமையில் தள்ளாமல், தன் மகள் சுத்தமல்லியை ஈழத்து இளவரசன் வீரப்பெருமாளுக்கு மணம் முடித்தான். இதனை வலுவின்மை என்று பழிப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. காக்கத்தக்கது எது, கைவிடத்தக்கது எது என்று தேர்தலும் அரசன் கடமையே. ஆயினும் முதுமையில் கங்கபாடி போசளரிடம் சென்றதும், வேங்கியைக் காத்துவந்த மகன் விக்கிரமனைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டபின் அந்நாடு நழுவியதும் அவன் கணக்கில் எழுதப்பட வேண்டிய குறைகளே. அவன் படை நடத்திய கலிங்கப் போரில் எரிந்த ஊர்களையும் மறைத்தல் முறையன்று. செயங்கொண்டார் அப்போரைப் பாடி அழியாப் புகழ் பெற்றார். எரிந்த ஊரார் தரப்பைப் பாட எவரும் இல்லை.

அவன் மக்களுள் மும்முடிச் சோழன் வேங்கியில் ஓராண்டே ஆண்டு, தந்தையின் அடிக்கண் பணிசெய்தலே இனிது என்று திரும்பி வந்துவிட்டதாகச் செப்பேடு கூறுகிறது. செப்பேட்டு மொழியில் புனைவு கலந்திருக்கலாம். அரியணைக்காகத் தந்தையைச் சிறையிட்ட மைந்தர் பலரைக் கண்ட வரலாற்றில், புனைவாயினும் இது அரிய புனைவே.

இத்தகையவன் காலத்துச் சாசனங்கள் நம் ஊர்க் கோயிலிலேயே உள்ளன. தேரடியில் இறங்கித் தியாகராசரை வணங்கச் செல்வோர் நாள்தோறும் அவற்றைக் கடந்து செல்கின்றனர். எவரேனும் நின்று படித்துக் கண்டதில்லை. எழுத்து பழையது, படிக்க வராது. சில இடங்களில் சுண்ணமும் எண்ணெய்ப் பிசுக்கும் எழுத்தை மூடிக்கொண்டுள்ளன. அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் கூடி, அச்சுவர்களைத் தூய்மை செய்து, ஒவ்வொரு சாசனத்தின் பொருளையும் எளிய தமிழில் எழுதி அதனருகே பலகை வைத்தல் வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. திருவொற்றியூர்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் தம் மாணவரை ஒரு நாளேனும் அங்கு அழைத்துச் செல்வாராக.