சீட்டைக் கிழிக்கும் மருந்து

எங்கள் நெய்வேலியில் மாலை வேளையில் வேலியோரம் நாலு பெண்கள் கூடினால், சுரங்கத்திலிருந்து சாம்பார் வரை எல்லாம் அடிபடும். சென்ற வாரம் அடுத்த வீட்டு அக்கா பத்திரிகைத் துண்டு ஒன்றை நீட்டினார்.

"மரபணுவின் வாயை அடைக்கும் மருந்து வந்திருக்கிறதாமே! என் நாத்தனாருக்கு மார்பில் வந்த புற்று எலும்புக்கும் பரவிவிட்டது. இப்போதைய சிகிச்சையை நிறுத்திவிட்டு இதற்குக் காத்திருக்கலாமா என்கிறாள். நீ என்னம்மா சொல்கிறாய்?"

வயிற்றைக் கலக்கும் கேள்வி! தெரிந்ததைச் சொன்னேன்.

"அக்கா, தலைமை அலுவலகத்திலிருந்து சுரங்கத்துக்கு உத்தரவுச் சீட்டு போகிறது. வழியிலேயே அதைக் கிழித்துவிட்டால் அலுவலகம் அப்படியே இருக்கும். இயந்திரம் மட்டும் ஓடாது. நம் உடம்பில் மரபணுதான் அலுவலகம், ஆர்.என்.ஏ. என்பது சீட்டு. அதைக் கிழிக்கும் வித்தையை ஒரு சிறு புழுவில் கண்டு 1998-ல் சொன்னார்கள், அமெரிக்க விஞ்ஞானிகள் ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும். 2006-ல் நோபல் பரிசு பெற்றார்கள்."

"அப்படியானால் ஊசியில் ஏற்ற வேண்டியதுதானே?"

"வெறுமனே ரத்தத்தில் விட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பதுபோலக் கொழுப்பு உருண்டைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஏறக்குறைய ஒரு கூறுதான் அதன் அகலம்! 2018-ல் இப்படி முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கு. உருண்டைகளில் பெரும்பகுதி ஈரலில் போய்த் தங்கும். அந்த நோய்க்கு மருந்து போக வேண்டிய இடமும் ஈரல்தான். அதனால் பலித்தது. பரவிய புற்றோ எலும்பு, நுரையீரல், மூளை என்று பல வீடுகளில் ஒளிந்திருக்கிறது. தோல் புற்று நோயாளியின் கட்டிக்குள் ஒரு நுண்ணிய உருண்டை புகுந்து சீட்டைக் கிழித்ததை 2010-ல் நிரூபித்தார்கள். வழி தெரிந்தது; ஆனால் புற்றுக்கு இன்னும் சோதனை அளவில்தான் இருக்கிறது."

அக்காவின் முகம் வாடிற்று.

"நம் ஊரில் சுரங்க வேலை தொடங்கியது 1957-ல். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட 1961 ஆயிற்று. அதுவரை யாராவது வீட்டில் விளக்கேற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார்களா? கையில் இருக்கும் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். பரவிய புற்றையும் அடக்கி வைத்து, வலியைக் குறைத்து, ஆயுளை நீட்ட இன்றைக்கே மருந்துகள் உண்டு. புது மருந்துச் சோதனை எதிலாவது சேர முடியுமா என்று வைத்தியம் பார்க்கும் டாக்டரையே கேட்கட்டும்."

அக்கா பேசாமல் உள்ளே போனார். மறுநாள் காலை வேலிக்கு மேல் தலை தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போகிறாளாம். துணைக்கு நானும் போகிறேன்."

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறதா? பத்திரமாக வையுங்கள். ஆனால் டாக்டர் சொன்ன தேதியைத் தவற விடாதீர்கள்!