செங்கோட்டை ஓரத்து ஊரா?

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். தென்காசிச் சாலையில் பாவூர்சத்திரம். வடலி என்றால் இளம்பனை. அரண்மனையையோ போர்க்களத்தையோ இந்தப் பெயர்கள் சொல்லவில்லை; வழிப்போக்கர்கள் சோறு தின்று, மாட்டை அவிழ்த்துக் கட்டிப் படுத்த இடத்தைச் சொல்கின்றன. இந்தச் சீமையின் பாதைகளில் மேற்கே மலை தாண்டுவதற்கு இருந்த முக்கிய வாசல் ஆரியங்காவு கணவாய். அதன் கிழக்கு அடிவாரத்தில் நிற்கிறது செங்கோட்டை. ஆனால் அந்த ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு தேதிகளோடு முடித்துவிடுகிறோம்: அவ்வூர்க்காரரான வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட 1911 ஜூன் 17, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1. இரண்டும் பெரிய தேதிகள்தான். ஆனாலும் அந்த ஊரை வளர்த்தது எல்லைக்கோடு அல்ல, பாதை என்பதே என் கட்சி.

ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்தைப் பாருங்கள். மணப்பெண் புஷ்கலை, மதுரைச் சௌராஷ்டிரர் வீட்டுப் பெண். திருவிதாங்கூருக்குத் துணி கொண்டுபோன வணிகர் ஒருவர், காட்டுவழிக்கு அஞ்சி மகளைக் கோயிலில் விட்டுப் போனார் என்கிறது கதை. இன்றும் மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் சீர்வரிசையோடு பெண் வீட்டாராக வருகிறார்கள். கோயில் தரப்பு மாப்பிள்ளை வீட்டாராக நின்று சம்பந்திகளை வரவேற்கிறது. கதை நடந்ததா என்பது என் கேள்வி அல்ல. மதுரை நெசவும் மலையாளத்துச் சந்தையும் இந்தக் கணவாயில் கைகோத்திருந்ததை எந்தச் சுங்க ஏட்டைவிடவும் நன்றாக இந்தச் சடங்கு காத்து வைத்திருக்கிறது. ரயிலும் அதே தடத்தில்தான் வந்தது. திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதை, 1904-இல் முடிந்த கொல்லம்-செங்கோட்டைப் பாதை. 1918-இல் அது திருவனந்தபுரம் வரை நீண்டது. எர்ணாகுளம்-கொல்லம் தடம் முழுமையானது 1958-இல். அதுவரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, கொல்லத்துக்காரர் ரயிலேறி சென்னைக்குப் போக செங்கோட்டையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அப்படிப்பட்ட ஊரை ஓரம் என்று எப்படிச் சொல்வது?

எல்லைதானே அந்த ஊருக்குச் சோறு போட்டது, விலை வித்தியாசம் இல்லாவிட்டால் அங்கே என்ன வியாபாரம் என்று கேட்பவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் புகையிலை அரசின் தனியுரிமையாக இருந்த காலத்திலும், புளியரையில் ரேஷன் அரிசி பிடிபடும் இந்தக் காலத்திலும் எல்லையால் காசு பார்த்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலை நெடுகவும் எல்லை ஓடுகிறது. அதில் கணவாய் உள்ள இடத்தில்தான் சந்தை கூடியது. இன்னொன்று, 1956-க்கு முன் எல்லை செங்கோட்டைக்குக் கிழக்கே, தென்காசிப் பக்கம் இருந்தது. அதன்பின் ஊரைத் தாண்டி மேற்கே மலைக்குப் போய்விட்டது. ஆரியங்காவும் அச்சன்கோவிலும் கேரளத்தில் நின்றன. கோடு ஊரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியும் ஊரின் பிழைப்பு மாறவில்லை. திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தாங்கிய பழைய நுழைவாயிலைத் தாண்டி வண்டிகள் போய்க்கொண்டேதான் இருந்தன. அந்த ஊரின் தனிப்பெருமையைக் குறைத்தது 1956 அல்ல, 1958 என்றுகூடச் சொல்வேன்: கோட்டயம் வழியாக வேறு ரயில் தடம் திறந்துகொண்டது. 2010-இல் அகலப்பாதைப் பணிக்காகப் புனலூர்-செங்கோட்டைத் தடத்தை மூடி 2018-இல்தான் திறந்தார்கள். அந்த எட்டு வருடமும் எல்லைக்கோடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

போராட்ட வரலாற்றை விட்டுவிட்டுப் பொதிமாட்டுக் கதை பேசுவதா என்று யாராவது கோபித்துக்கொள்ளலாம். விடச் சொல்லவில்லை, வாஞ்சிக்கு மண்டபம் இருக்கிறது, இருக்கட்டும். பாதைக்கு எதுவும் இல்லை என்பதுதான் குறை. தென்காசி தனி மாவட்டமாகி 2019 நவம்பரில் தொடங்கிய கணக்கு இன்னும் இளசுதான். அதன் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் ஜமீன்களின் பட்டியலில் தொடங்காமல், எந்தச் சத்திரம் எந்தச் சாலையில், யார் மானியத்தில் நடந்தது, கிணறு எங்கே இருந்தது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கட்டும். பனவடலிசத்திரத்தில் ஆரம்பித்தாலும் சரிதான்.