இசிஜி வீண் செலவா?

விளையாட்டு வீரர்களுக்கு இசிஜி எடுப்பது வீண் செலவு என்பவர்கள் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனைச் சான்றாகக் காட்டுகிறார்கள். பரிசோதனைகளில் தேறியவர்தான் 2021இல் கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று மயங்கி விழுந்தார். உண்மைதான். ஒருவரிடம் தப்பியது என்பதற்காக, மற்ற எல்லோரையும் பார்க்காமலே விடலாமா? எரிக்சனைக் காப்பாற்றியது மைதானத்திலேயே கிடைத்த, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர். அதுவும் வேண்டும், இசிஜியும் வேண்டும்.

2003இல் லியோனில், ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார் கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ. வயது 28. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது இதயத் தசைத் தடிப்பு நோய். இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோரின் இசிஜி இயல்பாக இருப்பதில்லை. ஸ்டெதஸ்கோப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் பலரிடம் ஒன்றும் தெரியாது.

இத்தாலி 1982 முதல் வீரர்களுக்கு இசிஜியைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் 1979-80இல் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 3.6, 2003-04இல் 0.4. பெருமளவு குறைந்தவை இதயத் தசை நோயால் வந்த மரணங்களே. இசிஜியைக் கட்டாயமாக்கிய இஸ்ரேலில் பலன் இல்லையே என்று ஓர் ஆய்வைக் காட்டுகிறார்கள். அந்த ஆய்வு மரணங்களைச் செய்தித்தாள்களில் தேடி எண்ணியது. வெனெட்டோவின் பதிவேட்டுக்கு அது ஈடாகாது.

ஆரோக்கியமானவருக்கும் நோய் முத்திரை விழும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. பயிற்சி இதயத்தின் இசிஜியை மாற்றும். ஆனால் அந்த மாற்றத்தை நோயிலிருந்து பிரித்தறியும் சர்வதேச வரையறைகள் 2017இல் வந்துவிட்டன. அவற்றைக் கொண்டு இசிஜியைப் படிக்கத் தெரிந்த மருத்துவர்களை உருவாக்குங்கள், பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.