பிரிட்ஜ் மேசையில் குழூஉக்குறி

‘சீட்டாட்டத்தைப் பற்றித் தமிழ் மன்ற இதழில் எழுதுவதா?’ என்று நண்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். காசு வைத்தாடும் ஆட்டத்தைப் பற்றியன்று நான் எழுதுவது. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணப் பர்தன், சிப்நாத் சர்க்கார் என்னும் இரு வங்காளியர் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த பிரிட்ஜ் ஆட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன். அதில் ஒரு மொழிச் சிக்கலும் அடங்கியிருப்பதால், அதனைப் பேசத் தமிழ் மன்றமே தக்க இடம் என்பேன்.

பிரிட்ஜில் நால்வர், இருவர் இருவராக இணைந்து ஆடுவர். ஒவ்வொருவர் கையிலும் 13 சீட்டுகள். எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். அந்த ஏலத்தில் பயன்படுத்தத்தக்க சொற்கள் பதினைந்தே. ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏழு. கிளாவர், டைமண்ட், ஆர்ட்டின், இஸ்பேட், துருப்பில்லாமை என ஐந்து. பாஸ், டபுள், ரீடபுள் என மூன்று. படிக்க வந்து, பாலாநகரில் அறையெடுத்துத் தங்கி, தெலுங்கில் தட்டுத்தடுமாறும் என்னைப் போன்றோர்க்கு இதைவிட இனிய மொழி வேறுண்டோ? அந்த மேசையில் தெலுங்கரும் வங்காளியும் தமிழரும் சமமே.

ஆயின், கையிலுள்ள 13 சீட்டுகளையும் உணர்த்தப் பதினைந்து சொற்கள் போதா. அக்குறையை நீக்கப் பிறந்தவையே கன்வென்ஷன்கள். நன்னூல் பயின்றோர்க்கு இது புதிதன்று. கிளாவர் மிகுதியாக உடையவன் கிளாவர் கேட்பது இயல்பு வழக்கு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல், ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவது குழூஉக்குறி. கூட்டாளி ‘ஒரு துருப்பில்லாமை’ கேட்டபின் நான் ‘இரண்டு கிளாவர்’ என்றால், ‘ஆர்ட்டினிலோ இஸ்பேட்டிலோ உம்மிடம் நான்கு சீட்டு உண்டா?’ என்று வினவுகிறேன் என்பதே பொருள். ‘ஸ்டேமன்’ எனப்படும் இக்குறி 1945-இல் அச்சேறியது. கூட்டாளியிடம் எத்தனை ஏஸ் உள்ளன என்று கேட்கும் ‘பிளாக்வுட்’ 1933-இல் தோன்றியது. அதன்பின் பிறந்தவை எண்ணிலடங்கா.

இவற்றுள் எவற்றை ஏற்பது, எவற்றை விடுவது? இதுவே கேள்வி. நம் வளாகத்தில் மூத்த மாணவர் பலர் இருபது குறிகளை மனப்பாடம் செய்துவிட்டு, அதனையே புலமை என்று கருதுகின்றனர். புதிதாக வந்த மாணவன் எதிரே அமர்கிறான். நான்கு ஆட்டம் முடிவதற்குள் கூட்டாளி என்ன கேட்கிறார் என்றே விளங்காமல் திகைக்கிறான். அடுத்த வாரம் அவன் வருவதில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்தவனுக்குக் கிடைத்த ஒரு மாலைப்பொழுதும் பறிபோகிறது. மொழி தடையாகாத ஒரே மேசையிலும் நாமே ஒரு தடையை எழுப்பலாமா?

பாலாநகரில் 1968 முதல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் இயங்கி வருகிறது. சுற்றிலும் பட்டறைகள். அங்கே எந்தத் தொழிலாளியும் கடையில் இருக்கிறது என்பதற்காக ஒரு கருவியை வாங்குவதில்லை. செய்யும் வேலை கேட்பதையே வாங்குகிறான். நாமும் ஒவ்வொரு குறியையும் மூன்று வினாக்களால் சோதிப்போம். இது அடிக்கடி பயன்படுமா? இதற்காக நாம் இழக்கும் இயல்புப் பொருள் யாது? எதிரணியார் இடையிற் புகுந்து ஏலத்தைக் குலைத்தால், அதன்பின் செய்ய வேண்டியது இருவருக்கும் ஒன்றுபோலத் தெரியுமா?

இரண்டாம் வினாவைப் பலர் மறக்கின்றனர். ‘டிரான்ஸ்பர்’ முறையில், துருப்பில்லாமைக்கு விடையாக ‘இரண்டு டைமண்ட்’ என்றால் ‘என்னிடம் ஐந்து ஆர்ட்டின் உண்டு’ என்பது பொருள். அன்றுமுதல் டைமண்ட் மட்டுமே உடையவன் இரண்டில் நிற்க இயலாது. இழப்பு சிறிது, பயன் பெரிது, ஆகவே கொள்ளலாம். ஆனால் விலையில்லாக் குறி என்று ஒன்று இல்லை.

‘1969-இல் தைவான் அணி, சி. சி. வெய் வகுத்த பிரிசிஷன் முறையால் உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெறவில்லையா?’ என்று கேட்பர். பெற்றது, மெய். ஆனால் அது ஒழுங்குற வகுத்த முழு முறை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிய குவியலன்று. பர்தனும் சர்க்காரும் பல்லாண்டு இணைந்து ஆடியவர்கள். நம் இணைகளோ பருவந்தோறும் மாறுபவை. ஈராண்டில் பட்டம் பெற்றுப் பிரிபவை.

இன்னுமொன்று. பொற்கொல்லர் குறி பிறர் அறியாதிருக்கவே பிறந்தது. பிரிட்ஜ் விதியோ அதற்கு நேர்மாறு: நம் குறியின் பொருளை எதிரணியார் கேட்டால் மறையாது சொல்லியாக வேண்டும். அவர்க்கு எடுத்துரைக்க இயலாத குறி நமக்கே விளங்காத குறி.

எனவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் பருவம் முழுதும் நம் மேசைகளில் ஸ்டேமன், டிரான்ஸ்பர், பிளாக்வுட், எதிரணி ஏலத்தின்மேல் கூட்டாளியின் இனத்தைக் கேட்கும் டபுள் என நான்கே குறிகளை வைத்துக்கொள்வோம். அவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, புதிதாக வருவோர் கையில் முதல் நாளே கொடுப்போம். ஐந்தாவது குறி வேண்டுவோர், மேசையில் உள்ள நால்வருக்கும் அதனை விளக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும்.