எது புரண்டது?

பாடத்தை வீடியோவாக்கி யூடியூபில் ஏற்றி, லிங்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் அதுதான் ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ என்று நம் கல்லூரிகள் நம்புகின்றன. ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு வரைவு வெளியிட்டதும் அந்த நம்பிக்கைக்குக் கொம்பு முளைத்தது. எந்த 40 என்று கேட்டவர்கள் குறைவு. தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவிடம் காட்ட வீடியோ எண்ணிக்கை இருந்தால் போதாதா!

பாடத்தை வகுப்புக்கு முன்பே படித்துவிட்டு, வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் ஒதுக்குவதுதான் ஃபிளிப்டு முறை. அதன் முன்னோடிகளில் ஒருவரான ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கேமராவைத் தேடிப் போகவில்லை. மாணவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவார்கள். வகுப்பில் கேள்வி வரும். லாரியும் காரும் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது? கணக்கில் புலிகளாக இருப்பவர்களே “லாரிதான்” என்பார்கள். இரண்டும் சமம் என்கிறது நியூட்டனின் மூன்றாம் விதி. முதலில் தனித்தனியாகப் பதில், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாக்குவாதம், மறுபடி பதில். அடுத்து எதை விளக்குவது என்பதை அந்தப் பதில்கள்தான் முடிவு செய்யும்.

2015இல் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிரியல் மாணவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃபிளிப்டு முறை. மற்றதற்கு வழக்கமான வரிசை. இரண்டிலும் மாணவர்களே யோசித்து வேலை செய்தார்கள். கற்றலில் வேறுபாடு தெரியவில்லை. ஆக, பலன் அந்த வேலையில்தான் இருக்கிறது, வீடியோவில் அல்ல.

“பசங்க வீடியோ பார்ப்பதே இல்லை சார்” என்ற புலம்பலைக் கேட்காத துறை இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? மறுநாள் அதே ஸ்லைடுகளை வைத்து அதையேதான் சொல்லப்போகிறோம். கேள்வி காத்திருக்கிறது என்று தெரிந்தால் ஒரு பகுதியினராவது தயாராகி வருவார்கள்.

“மாணவர்களுக்கு லெக்சர்தான் பிடிக்கிறது” என்பதும் வாதமாகாது. 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள்; தேர்விலோ அவர்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஃபீட்பேக் படிவத்தை மட்டும் நம்பினால் நல்ல வகுப்பைக் கைவிட்டுவிடுவோம்.

பாடத்திட்டத்தை வகுப்பிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும்: அந்த ஐம்பது நிமிடத்தில் மாணவர் எதில் தடுமாற வேண்டும், அதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று. அதற்கு நான்கு பக்கமே போதுமென்றால் வீடியோ எதற்கு? நல்ல கேள்வி எழுதத்தான் நேரம் பிடிக்கும். ஸ்டூடியோவுக்கும் மைக்குக்கும் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், ஆசிரியரின் பணிப்பளுவில் அதற்கென வாரம் ஒரு மணி நேரத்தையாவது குறைக்கட்டும்.